முத்தழகியின் வயிற்றெரிச்சல்

ஒரு தீவின் ஓரமாக இரண்டு படகுகள் நங்கூரம் போட்டு நின்றன. உல்லாசமாகச் சுற்ற வந்த இரண்டு குடும்பங்களும் செவ்வந்தி என்ற படகில் கூடிவிட்டன. அங்கே நண்டுக் குழம்பு கொதித்தது. பாட்டும் சிரிப்புமாக இருந்தது.

தனியாக நின்ற முத்தழகி என்ற படகுக்கு வயிறு எரிந்தது.

"என் ஆட்களும் அங்கேதான் கிடக்கிறார்கள். அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று தன் நங்கூரத்திடம் பொருமினாள்.

"அடுப்பு இருக்கிறது. சாப்பிட்டதும் வந்துவிடுவார்கள்."

"நீ பிடியை விடு. நான் மிதந்து போனால் எல்லாரும் என் பின்னால் வருவார்கள்."

நச்சரிப்பு தாங்காமல் நங்கூரம் பிடியை விட்டது. முத்தழகி நகர்ந்தாள்.

"ஐயோ, நம்ம படகு போகுது!" என்று அலறியபடி அவளுடைய ஆட்கள் தண்ணீரில் குதித்தார்கள். அவளுக்குச் சிலிர்த்தது.

நீந்திப் போய் அவளைப் பிடித்தவர்கள் நங்கூரத்தைப் படகுக்குள் தூக்கிப் போட்டார்கள். அவளை இழுத்துப் போய்ச் செவ்வந்தியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மறுபடியும் அங்கேயே சாப்பிட ஏறினார்கள்.

"வா அக்கா," என்றாள் செவ்வந்தி. "இத்தனை பேரையும் சுமந்து முதுகு விட்டுப்போகிறது. பேச்சுத்துணைக்காவது நீ வந்தாயே."

முத்தழகி நங்கூரத்தின் பக்கம் குனிந்து முணுமுணுத்தாள்: "முதுகுவலியைக்கூட எப்படிப் பீற்றிக்கொள்கிறாள், பார்த்தாயா?"