ஒரு நாள் செலவு

“ஹொட்டேல் வேண்டாம் அண்ணை. காருக்குள்ளயே படுத்திடுவம்.”

பிரதாபன் சொன்னதைக் கேட்டு, தேத்தண்ணியோடு வந்த கலாவதியின் உதடு கோணியது.

கிங்ஸ்பரியில் கலாவதிக்குப் பக்கத்து வீடு பிரதாபனும் கௌசியும். இந்த வருசமும் புருஷனும் பெண்சாதியுமாகக் காரில் ஐரோப்பா போகிறார்கள். தொடர்ந்து மூன்றாவது வருசம். கலாவதியின் புருஷன் யோகலிங்கம் லொறி ஓட்டுபவர். டோவரில் கப்பலேறி ஜேர்மனி வரை போய் வருபவர். ஒரு நாளைக்கு என்ன செலவாகும் என்று அவரிடம் கேட்கத்தான் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

“ஒஸ்ரியாக்குப் போனாத்தான் றோட்டுக் காசு கட்டிக் காருக்கு ஸ்ரிக்கர் வாங்கவேணும். ஜேர்மனியில றோட்டுக் காசில்லை,” என்றார் யோகலிங்கம். “பெற்றோல் மட்டும் பெரிய றோட்டில அடிக்காதேங்கோ. ஊருக்குள்ள இறங்கினா மலிவு.”

“சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, சின்ன அடுப்பு எல்லாம் கொண்டு போறன்,” என்றாள் கௌசி. “பாண் மட்டும்தான் அங்க வாங்கிறது. ரெண்டு பேருக்கும் பத்து யூரோ காணுமோ அண்ணை?”

“பத்தோ? கஷ்டம் பிள்ளை. பதினைஞ்சு எண்டு வையுங்கோ.”

“பத்துக்குள்ள முடிக்கப் பாப்பம்,” என்றான் பிரதாபன்.

கலாவதிக்குப் பொறுக்கவில்லை. “ஊர் சுத்தக் காசிருக்கு. வாய்க்கு ருசியா ஒரு நேரம் சாப்பிடத்தான் காசில்லையாக்கும்!”

கௌசி சிரித்துச் சமாளித்தாள்.

அவர்கள் போய்க் கதவு சாத்தியதுதான் தாமதம், கலாவதி தொடங்கிவிட்டாள்.

“பாத்தீங்களோ? நேற்றுக் கலியாணம் கட்டினதுகள், வருசா வருசம் ஐரோப்பா! நீங்களும்தான் கிழமைக்குக் கிழமை கடல் தாண்டுறீங்கள். என்னை ஒரு நாளெண்டாலும் கூட்டிக்கொண்டு போனீங்களோ?”

“லொறியிலயோ?”

“பகிடி விடாதேங்கோ. இந்த நாட்டுக்கு வந்து சவுத்எண்ட் கடற்கரையைத் தவிர நான் என்னத்தைக் கண்டன்?”

யோகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த நாள் முழுக்கவும் அவளுக்கு அதே நினைப்புத்தான். வெம்பிளியில் அவள் வேலை செய்யும் மரக்கறிக் கடையில், கூட நிற்கும் ஜெஸ்ரினிடம் கொட்டித் தீர்த்தாள்.

“பிள்ளை குட்டி இல்லை, சோடியாச் சுத்துகினம். திரும்பி வந்து ஒரு படமெண்டாலும் காட்டுவினமோ? இல்லை. நாவூறு பட்டிடுமாம்!”

“அப்பிடிச் சொன்னவையோ?”

“சொல்லவேணுமே? வேற என்னத்துக்கு ஒளிக்கினம்?”

ஜெஸ்ரின் வெண்டிக்காயைத் தராசில் போட்டபடி சொன்னாள்: “அப்ப நீங்களும் அவையோட ஒருக்காப் போயிட்டு வாங்கோவன் அக்கா. செலவைப் பங்கு போட்டாச் சரிதானே.”

அதுவும் நல்ல யோசனைதான். வேலை முடிந்து வந்தவள் தன் வீட்டுக்குள்கூடப் போகாமல், நேரே பக்கத்து வீட்டுப் பெல்லை அமத்தினாள். பிரதாபன் இன்னும் வேலையால் வரவில்லை. கதவைத் திறந்துவிட்ட கௌசி, திரும்பவும் நிலத்தில் குந்திப் போர்வைகளை மடித்துப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

“கௌசி, நாங்களும் உங்களோட வாறம். எங்கட இவருக்கு லீவு கிடக்கு. மாறி மாறிக் கார் ஓட ஆளுமாச்சு, செலவிலயும் பாதி.”

கௌசியின் கை அப்படியே நின்றது.

“அது... சரிவராது அக்கா.”

“ஏன் சரிவராது?”

“உங்களுக்குப் பிடிக்காது.”

கலாவதிக்கு முகம் சிவந்துவிட்டது. “பாரிசும் ஈபிள் கோபுரமும் உங்களுக்கு மட்டும்தான் பிடிக்குமோ? எங்களைக் கூட்டிக்கொண்டு போக விருப்பமில்லையெண்டா நேராச் சொல்லுமன்.”

“நாங்கள் ஈபிள் கோபுரம் பாத்ததே இல்லை அக்கா.”

“மூண்டு வருசமாப் போறீங்கள். பாக்கேல்லையோ? ஆருக்குக் கதை சொல்லுறீர்?”

கௌசி எழும்பிப் போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“உங்களிட்டையும் சொல்லுறேல்லை எண்டுதான் இருந்தனாங்கள்,” என்றாள். “இவற்ர தம்பி யதுசன் களவா ஆக்களை அனுப்புற ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி இஞ்ச வர வெளிக்கிட்டவன். ஹங்கேரியில நிக்கிறன், இனி லொறியில ஏத்தப் போறாங்கள் எண்டு போன் எடுத்தான். அதுதான் கடைசி.”

கலாவதி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல் வருசம் ஹங்கேரி. போன வருசம் ஒஸ்ரியா. இந்த முறை ஜேர்மனி. ஊர் ஊரா இறங்கி அகதி முகாம், பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லா இடமும் அவன்ர படத்தைக் காட்டிக் கேக்கிறம். பிரேத அறையிலயும் கேட்டனாங்கள் அக்கா.”

“இதை ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“ஊரில மாமிக்கு, அவன்ர அம்மாவுக்கு, இருதய வருத்தம். அவன் பிரான்சில இருக்கிறான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். அவன்ர பேரில இவர்தான் மாமிக்கு மெசேஜ் அனுப்புறவர். இஞ்ச ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் கதை அங்க போய்ச் சேர்ந்திடும். அதுதான் கேக்கிற எல்லாருக்கும் ஹொலிடே எண்டு சொல்லுறம்.”

கடையில் நின்று கத்திய கத்தல் கலாவதிக்கு ஞாபகம் வந்தது. எதையாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

“அதுக்கு ஏனம்மா இப்பிடி வாயைக் கட்டி, இரவுக் குளிருக்கயும் காருக்குள்ள படுத்து... உடம்பு என்னத்துக்காகும்?”

கௌசி அடுத்த போர்வையை எடுத்து மடித்தாள்.

“ஒரு நாள் செலவில அஞ்சு, பத்து யூரோ மிஞ்சினா, இன்னொரு ஊரில போய் இறங்கிக் கேக்கலாம் அக்கா.”