சத்தமே இல்லாத பெட்டி

"ஒரே டியூனர்ல ரெண்டு ஸ்டேஷனா? யார் காதுல பூ சுத்துறே?" என்றார் துறைமுக அதிகாரி, நான் பொருத்தியிருந்த ரேடியோவைப் பார்த்து.

"ரெண்டு ஸ்டேஷனும் தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பும் சார். இது மாறி மாறி வாங்கி, புயலையும் சொல்லும், கப்பல் வர்றதையும் சொல்லும். ஒண்ணே போதும்."

"எனக்கு முப்பது வருஷ சர்வீஸ். ரெண்டு பெட்டி இல்லாம கையெழுத்து கிடையாது."

களிமண் மண்டையோடு யார் மல்லுக்கட்டுவது? மறுநாள் ரேடியோவுக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியை வைத்தேன். மேலே ஒரு பச்சை விளக்கு; பின்னால் எங்கும் போய்ச் சேராத ஒரு ஒயர்.

அதிகாரி இரண்டிலும் காதை வைத்துப் பார்த்தார்.

"பழசு இரையுது. புதுசைப் பாரு, சத்தமே இல்லாம வேலை செய்யுது!"

"ஆமா சார், பிரமாதம்!" சிரிப்பை அடக்குவதற்குள் எனக்கு உயிர் போயிற்று.

"ஒண்ணே போதும்னு நீதானே சொன்னே? நல்லதை வெச்சுக்குவோம். பழசைக் கழட்டு."

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். கழற்றினேன்.

புதிய பெட்டிக்கு அவரே அரக்கு சீல் வைத்து, 'யாரும் திறக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

எனக்கும் பசித்தது. ஆனால் என் சாப்பாடு அந்தப் பெட்டிக்குள் இருந்தது.