டாக்டர் ஆசீர்வாதத்தின் மூக்கு

டாக்டர் ஆசீர்வாதம் பீங்கான் தட்டின் மூடியைத் திறந்தார். குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

பிறகு தட்டைப் பாலகிருஷ்ணன் பக்கம் நகர்த்தினார்.

"நீயும் ஒருதரம் பாத்துச் சொல்லு."

தட்டில் செத்த நண்டு ஒன்று கிடந்தது. ஓடெல்லாம் பாசி பிடித்த கிழட்டு நண்டு.

மேசைக்கு எதிரே, லண்டனிலிருந்து கப்பலில் வந்திருந்த துரை உட்கார்ந்திருந்தார். டாக்டரின் கண்டுபிடிப்பு மெய்தானா என்று பார்த்துப்போக வந்தவர்.

நண்டுக்கு வயது ஏற ஏற, அதன் மூளையில் வாசனை அறியும் பகுதி வளர்ந்துகொண்டே போகிறது என்பதுதான் கண்டுபிடிப்பு. ஆஸ்பத்திரி வேலையை விட்ட நாள் முதல், சிராங்கூன் சாலை வீட்டின் பின்னறையில் டாக்டர் அதைத்தான் நிரூபித்துக்கொண்டிருந்தார்.

கிழட்டு நண்டுகள் உயிரோடு சந்தைக்கு வருவது அபூர்வம். செத்ததில் கெடாததாகப் பொறுக்கவேண்டும். கெட்டால் மூளை கூழாகிவிடும். அந்த வேலைக்குத்தான் பாலகிருஷ்ணன்.

பாலகிருஷ்ணனுக்கு வாசனையே தெரியாது.

மல்லிகையும் சாக்கடையும் அவனுக்கு ஒன்றுதான். இது அவன் மனைவி சந்திரமதி ஒருத்திக்கு மட்டுமே தெரியும். தினமும் தேக்கா சந்தைக்குக் கூடவே வந்து, கூடை கூடையாக முகர்ந்து, நல்லதை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

இன்று காலை சந்தை வாசலிலேயே அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். மசக்கை.

தகப்பனாகப்போகிற சந்தோஷத்தில், இருந்ததிலேயே பெரிய நண்டாகப் பார்த்து வாங்கி வந்திருந்தான்.

இப்போது தட்டின்மேல் குனிந்து மூச்சை இழுத்தான். வழக்கம்போல வெறும் காற்றுதான் வந்தது.

"புத்தம்புதுசுங்கய்யா. இப்பத்தான் கடல்லேர்ந்து ஏறி வந்த மாதிரி இருக்கு."

டாக்டர் பெருமையோடு துரை பக்கம் திரும்பினார். இவன்தான் என் மூக்கு என்று இங்கிலீஷில் சொன்னார்.

துரை கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார். கண்களில் நீர் வழிந்தது. மறுநிமிடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு வராந்தாவுக்கு ஓடினார். அவர் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

பாலகிருஷ்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வேலை போயிற்று. பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் வேலை போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு வசவுக்காகக் காத்திருந்தான்.

டாக்டர் திட்டவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"பொறந்ததுலேர்ந்துங்கய்யா."

டாக்டர் நண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அறையில் வேறு யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு நாலு வருஷமாத்தான்."