ரேஷன் அட்டையின் ஆறாவது பெயர்

மோசூல் வெயிலில் கொதிக்கிறது. கூலரின் ஈரக்காற்றுக்கு முதுகைக் காட்டியபடி வாப்பா தர்பூசணி வெட்டுகிறார். விடுமுறைக்கு ஷக்லாவா மலையில் அருவிப் பக்கம் அறையா, நீச்சல்குளம் உள்ள விடுதியா என்று நானும் தம்பிகளும் கம்பளத்தில் உட்கார்ந்து சண்டை போடுகிறோம். மலைப்பகுதிக்குள் நுழையும் சோதனைச்சாவடி அனுமதிக்காக வாப்பா காலையிலேயே ரேஷன் அட்டையைப் படமெடுத்துப் பயண ஏஜெண்டுக்கு அனுப்பிவிட்டார். அதில் ஆறாவது பெயர் நஷ்வான், எங்கள் அண்ணன். பதினோரு வருடத்துக்கு முன்பு, ஊரைப் பிடித்த கறுப்புக்கொடிக்காரர்கள் அவனைக் கடைவாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அட்டையைப் புதுப்பித்தபோது கடைசிக்குப் போன அந்தப் பெயரை நீக்க உம்மா இன்றுவரை விடவில்லை. மூத்தவன் பெயரால், 'அபூ நஷ்வான்', நஷ்வானின் தகப்பன் என்றுதான் ஊரும் இன்னும் வாப்பாவை அழைக்கிறது.

போன் அடிக்கிறது, பயண ஏஜெண்டு. வாப்பாவின் கை பிசுபிசுப்பதால் நான் ஸ்பீக்கரில் போடுகிறேன். "அபூ நஷ்வான், அஞ்சு பேருக்கும் அனுமதி வந்தாச்சு." அனுப்பிய அட்டையில் ஆறு பெயர் இருந்தது வாப்பாவுக்கு இப்போதுதான் உறைக்கிறது. உம்மாவைப் பார்க்காமல், "அந்த ஆறாவது பேரை அடிச்சிடு தம்பி" என்கிறார். "அவருக்கு எதுக்கு அனுமதி? போன வெள்ளிக்கிழமையே மனைவி, பையனோட சாவடியைத் தாண்டிட்டாரே! சாவடிப் பதிவுல பொறந்த தேதி, தாய் பேரு எல்லாம் அதேதான். உங்ககிட்ட சொல்லலியா?"

தர்பூசணிச் சாறு கம்பளத்தில் சொட்டுகிறது. யாரும் துடைக்கவில்லை. உம்மா போனுக்கு அருகில் குனிகிறாள். "பையன் பேரு என்னன்னு போட்டிருக்குப்பா?"

"தன்னூன்."

கத்தி தட்டில் விழுகிறது. இந்த வீட்டில் யாரும் கூப்பிடாத, வாப்பாவின் சொந்தப் பெயர் அது.