சந்தில் அடிக்கும் அனல்

"பெரியவரே, எதிர்ல இருக்கிற ஏசி ஓடுதா?"

ஏணியில் நின்றபடி மெக்கானிக் கேட்டான். அவன் கால் இரண்டு மட்டும்தான் என் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது.

ஓடாமல் என்ன, பகலும் ராத்திரியும் ஓடுகிறது என்றேன். அதற்காகத்தானே இந்தப் புது ஏசியை மாட்டச் சொன்னதே.

எதிர்வீடு என் தம்பியுடையது. இரண்டு வீட்டையும் கட்டியது நான்தான். கொத்தனார் வேலை தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. இடம் வீணாகக் கூடாது என்று சுவரை ஒட்ட ஒட்ட எழுப்பினேன். நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான். ஜன்னலுக்கு நேராக ஜன்னல். என் பெண்டாட்டி அடுப்பில் இருந்து இறக்கிய குழம்பை அப்படியே கை நீட்டி அவனிடம் கொடுப்பாள்.

அப்புறம் அவன் ஏசி போட்டான். வெளியே மாட்டும் பெட்டியை எங்கள் ஜன்னலைப் பார்க்க மாட்டினான்.

அந்த வெயில் காலத்தில்தான் அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. நான் போய்த் தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

பெட்டியை நிறுத்திவிட்டதாக எங்கள் தங்கச்சியிடம் சொல்லி அனுப்பினான். நான் நம்பவில்லை. குளிரில் படுத்துப் பழகினவன் நிறுத்துவானா? எனக்குக் காது பாதிதான் கேட்கும், கலவை மெஷின் பக்கத்திலேயே நின்ற காது. ஆனால் கை செத்துப்போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் அனல் அடிக்கும். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

டிவிக்காரன் பூமியே சூடாகிறது என்பான். ஆலைப் புகை என்பான், வண்டிப் புகை என்பான். அவனுக்குப் பொழுது போக வேண்டும். எனக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

போன வருஷம் ஒரு மத்தியானம் இதே ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் போய்ச் சேர்ந்தாள். அந்த வாரம் முழுக்க வெயில் தாக்கி இப்படித்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் சொல்வார்கள்.

பாடைக்குப் பக்கத்தில் வைத்தே தம்பியிடம் சொன்னேன், உன் பெட்டிதான் அவளைக் கொன்றது என்று. அவன் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்து சோறு போட்டவள் அவள்.

இந்த வருஷம் மகள் வந்து, அம்மா போன மாதிரி நீயும் போக வேண்டுமா என்று அழுது, இந்த ஏசியை வாங்கி அனுப்பினாள். எனக்கென்ன குளிர் வேண்டிக்கிடக்கிறது. ஆனால் பெட்டியை எங்கே மாட்டுவது என்று கேட்டதும் சட்டென்று ஒத்துக்கொண்டேன். மாடியில் வைக்கலாம் என்றான் மெக்கானிக். வேண்டாம், சந்துப் பக்கம்தான், அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் என்றேன்.

இரண்டும் எதிரெதிரே ஊதினால் இரண்டுமே கெட்டுவிடும் என்று முனகிக்கொண்டே அவன் எட்டி எதிர்ப்பெட்டியைத் தடவிப் பார்த்தான்.

பிறகு குனிந்து எதையோ என் கையில் வைத்தான்.

குருவிக்கூடு. காய்ந்து, தொட்டால் உதிர்கிற கூடு.

"ஃபேனுக்குள்ள இருந்துச்சு பெரியவரே. இது ஓடி வருஷக்கணக்காச்சு. ரிப்பேர் இல்ல, யாரோ வேணும்னே ஒயரைக் கழட்டி டேப் சுத்தியிருக்காங்க. டேப்பே வெளுத்துப்போச்சு."



கூடு இருந்த கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். காற்று வந்தது. சுட்டது. நேற்றுச் சுட்ட அதே சூடு. அவள் இருந்தபோது சுட்ட அதே சூடு. கூட்டிலிருந்து நாலு நார் பிய்ந்து பறந்தது.

எதிர் ஜன்னலில் தம்பி தெரிந்தான். நெஞ்சின் மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தான். வாய் திறந்திருந்தது. கிழவனாகிவிட்டான்.

அப்படியென்றால் மாடியிலேயே வைத்துவிடலாமே, பாவம் எதிரில் ஆள் படுத்திருக்கிறார் என்றான் மெக்கானிக்.

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கோபமாவது வரும் என்று பார்த்தேன். யார் மேல் வரும்? இத்தனை நாள் அந்தச் சூட்டுக்கு ஒரு ஆள் இருந்தான். திட்ட ஒரு பெயர் இருந்தது. இப்போது சும்மா சூடு. ஊரெல்லாம் சூடு.

மாடியில் வைத்தால் என் பெட்டிச் சூடும் ஊர்ச் சூட்டோடு சேர்ந்து, யாருடையதென்று தெரியாமல் போய்விடும்.

"சொன்ன இடத்துல மாட்டுப்பா" என்றேன்.

மாட்டினான். சுவிட்சைப் போட்டுக் காட்டினான். தலைக்கு மேல் பெட்டி உறுமியது. எதிர் ஜன்னலின் திரை உள்பக்கமாகப் புடைத்தது.

தம்பி எழுந்து வந்தான். ஜன்னல் கதவில் கை வைத்தபடி முகத்தைச் சுளித்துக்கொண்டு அனலிலேயே நின்றான். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"உள்ள ஜில்லுன்னு இருக்கா, அண்ணே?"

கேட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டான்.

அந்த இரைச்சலிலும் எனக்கு அது நன்றாகவே கேட்டது.