கம்பெனி பிறந்த கதை

வேலை கேட்டு வந்த பெண்ணிடம், கம்பெனியைத் தொடங்கிய டாக்டரே கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் கம்பெனி எப்படிப் பிறந்துச்சுன்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார். அப்போ நீங்க குழந்தைகள் டாக்டர். தினமும் ஊசி போட்டாத்தான் பிழைக்கும்னு ஒரு குழந்தை. ஊசியைப் பார்த்தாலே அழுது ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கும். அதுக்காக வேலையை விட்டுட்டு, தோல்ல ஒட்டுற பிளாஸ்திரிக்குள்ள மருந்தை வச்சீங்க. முதல்ல உங்க கையிலயே ஒட்டிப் பார்த்தீங்க. தோலே உரிஞ்சு வந்துது. அப்பவும் நீங்க விடலை."

டாக்டர் அசந்துபோனார். வெள்ளிவிழா மலரில்கூட இவ்வளவு இல்லை.

"கரைச்சுக் குடிச்சிருக்கியேம்மா! யார் சொன்னா?"

"எங்கம்மா. இன்னொண்ணும் சொன்னாங்க..." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க கட்டைவிரலை நான் கடிச்சப்போ ரொம்ப வலிச்சுதா சார்?"

டாக்டரின் கை தானாக மேசைக்கு அடியில் போனது.