சுளுக்குக்கு வந்த இடத்தில்

அவசர சிகிச்சைப் பிரிவில் காத்துக்கிடந்தே அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. மாடிப்படியில் சறுக்கி வீங்கிய காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தாள்.

"நமக்கப்புறம் வந்தவங்கல்லாம் உள்ள போயாச்சு. நாம என்ன இளிச்சவாயங்களா? எழுந்திரு, வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம்." கணவர் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"அவங்களுக்கு ரத்தம் கொட்டுதுங்க. எனக்கு வெறும் சுளுக்கு. கொஞ்சம் சும்மா உட்காருங்களேன்."

அவர் எங்கே கேட்டார்? நேரே நர்ஸிடம் போய் நின்றார்.

"ஏம்மா, எங்களைப் பார்த்தா மனுஷங்களாத் தெரியலையா?"

நர்ஸ் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "சார், ஏசி ஓடுது. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"எல்லாம் உங்க மேல உள்ள கோபந்தான்!" என்றவர் இடது தோளை அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

நர்ஸ் ஓடிப்போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்பாடா என்று நொண்டியபடி எழுந்தாள் மனைவி.

"உங்களுக்கு இல்லம்மா. சாருக்கு."

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "ஹார்ட் அட்டாக்தாம்மா. அடைப்பை எடுத்தாச்சு, இனி பயமில்ல. கார் ஓட்டும்போது வந்திருந்தா ரெண்டு பேருமே..."

மனைவி நர்ஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நொண்டி நொண்டி உள்ளே போனாள்.

கணவர் மெல்லக் கண் திறந்தார். பார்வை அவள் காலுக்குப் போனது.

"இன்னுமா உன்னைக் கூப்பிடலை?"

"இல்லைங்க," என்றாள், அழுகையும் சிரிப்புமாக. "நல்லவேளை, கூப்பிடவே இல்லைங்க."